உடன் வந்தவர் சொன்னபடி

சிஸ்டர் இரண்டு நாற்காலிகளைத் துடைத்தார்.

அவன் தனியாகத்தான் உள்ளே வந்திருந்தான். மைத்துனன் கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். இரண்டாவது நாற்காலி மைத்துனனுக்காக இருக்கும் என்று எண்ணி, அடிவயிற்றின் வலப்பக்கத்தைக் கையால் தாங்கியபடி முதல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். சிஸ்டர் இடப்பக்க நாற்காலியையும் மேசையை ஒட்டி இழுத்துப் போட்டார். ரப்பர் தேய்ந்த ஒரு கால் தரையில் கிறீச்சிட்டது.

"உக்காருங்க," என்றார்.

"உக்காந்துட்டேனே."

சிஸ்டர் சிரித்தார். நாள் முழுக்கக் கேள்வி கேட்டும் களைக்காத, குண்டான, நல்ல முகம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் நோயாளிகளைச் சோதிக்கும் அறை அது. ஈரம் காயாத ஃபினாயில் வாசனையின்மேல் ஸ்பிரிட் வாசனையும், அதன்மேல் யாரோ காலையில் பிரித்துப்போட்ட பிளாஸ்திரியின் ரப்பர் நெடியும் படிந்திருந்தன. ஒரே சன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. அந்தச் சுவரில் இறங்கிய குழாயில், மேல்மாடியில் யாராவது தண்ணீர் திறக்கும்போதெல்லாம், தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம் எழுந்து, அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏசியின் இரைச்சலில் கரைந்தது. பிற்பகல் மூன்று மணிக்கே குழல்விளக்கு எரிந்தது.

சட்டைப்பையில் நான்காக மடித்த தாள் இருந்தது. தன் உடம்பைப் பற்றி டாக்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் அவனே எழுதிக் கொண்டுவந்திருந்தான். முதல் வரி: பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அதன்கீழ் இரண்டு கோடுகள். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஓர் ஊசியில் தொண்டை அடைத்து, முகம் உப்பி, விடுதிக் காவலாளியின் தோளில் தொங்கியபடி மருத்துவமனைக்குப் போனவன். ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் பிணம் என்றார்கள். நாளைக் காலை குடலிறக்கத்துக்கு அறுவை. வெட்டுவதற்கு முன் கிருமி சேராமலிருக்க ஓர் ஊசி போடுவார்கள். எந்த ஊசி என்பதைத் தீர்மானிப்பது இந்தப் படிவம். தள்ளிப்போடவும் வழியில்லை. குடல் சிக்கத் தொடங்கிவிட்டது, இனி விட்டால் உள்ளேயே அழுகும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

பெயர், வயது, எடை. சொன்னான். எப்போதும் சுருக்கமாகத்தான் பேசுவான்.

"சிகரெட்டு?"

"இல்லை."

சிஸ்டர் எழுதவில்லை. அவனுக்கு இடப்பக்கமாகப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"எப்பவாவதுன்னு போட்டுக்கறேன். மொட்டை மாடில."

"யாரு சொன்னது?"

"அட, இதுல என்ன சார் வெக்கம். குறட்டை விடுவீங்களா?"

"தெரியாது. தனியாத்தான் படுக்கறேன்."

சிஸ்டர் மறுபடி இடப்பக்கம் திரும்பினார். கேட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். "ஜெனரேட்டராம்! பக்கத்து வீட்டுக்காரங்க கரண்ட் போயிடுச்சோன்னு எழுந்து பாப்பாங்களாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்ல உங்கள தந்தின்னுதான் கூப்பிடறதாமே. சரியாத்தான் வெச்சிருக்காங்க."

குழாய் கனைத்தது.

தந்தி. அந்தப் பெயரை இந்த உலகத்தில் ஒருத்திதான் சொன்னாள். வேறு யார் காதிலும் விழாமல், கதவு சாத்திய அறைக்குள், விளக்கு அணைந்த பிறகு மட்டும்.

அப்போதுதான் இடதுகையில் அந்தச் சூடு உறைத்தது. ஏசியின் குளிரில் வலதுகை மயிர்கள் குத்திட்டு நிற்க, இடதுகை மட்டும், எரியும் அடுப்புப் பக்கம் நீட்டியது போல, வியர்த்து வழிந்தது. கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினான். நாற்காலி காலி. பழுப்பு ரெக்சின் இருக்கை. அதன் நடுவில் ஒரு பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் சற்றே அகன்றது, உட்கார்ந்திருப்பவர் வசதியாகச் சாய்ந்துகொண்டது போல.

"மருந்து எதாவது ஒத்துக்காதா?"

"பென்சிலின்," என்றான். தேவைக்கு மேல் சத்தமாக. "பென்சிலின் ஆகாது. செத்துருவேன்."

சிஸ்டர் இம்முறை அதிக நேரம் கேட்டார். எழுதினார். தலைகீழாகத் தெரிந்த எழுத்தை அவன் கூட்டிப் படித்தான்.

இல்லை.

"சிஸ்டர், தப்பா எழுதிட்டீங்க. நான் பென்சிலின்னு சொன்னேன்."

"சொன்னீங்க. ஆனா அது அலர்ஜி இல்லையாமே. வெறும் வயித்தோட ஊசி போட்டு தலை சுத்துனதாம். அதையே புடிச்சுக்கிட்டு இத்தனை வருஷம்..." சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். "இப்படித்தான் சொல்வாருன்னு முதல்லயே சொல்லிட்டாங்க."

"யாரு?"

"இவங்கதான். கூட வந்தவங்க."

படிவத்தின் அடியில் ஒரு கட்டம். உடன் வந்தவர்: மனைவி.

"என் மனைவி செத்துப் பதினோரு மாசமாச்சு."

சிஸ்டரின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. இடப்பக்க நாற்காலியைச் சங்கடத்துடன் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சண்டைன்னா வீட்டோட வெச்சுக்கணும் சார். பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு இப்படியா பேசறது?"

பதினோரு மாதங்களுக்கு முன், வேறொரு மருத்துவமனை. இதே கேள்விகள், இதே வரிசை. நோயாளியின் நாற்காலியில் அவள். பித்தப்பையில் கல். உடன் வந்தவர் நாற்காலியில் அவன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. இரண்டு மணிக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டம் இருந்தது. அவள் ஒவ்வொரு கேள்வியையும் யோசித்து யோசித்துப் பதில் சொல்ல, அவன் பொறுமையிழந்து தானே சொல்லத் தொடங்கினான். டாக்டரும் அவனைப் பார்த்தே கேட்கத் தொடங்கினார். வேலை சீக்கிரம் நடந்தது. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததுண்டா என்ற கேள்விக்கு மட்டும் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க மாமா, அம்மாவோட தம்பி, ஒரு சின்ன ஆபரேஷன்ல உடம்பு கொதிச்சு..."

"அவரு குடிச்சே போனவரு டாக்டர்," என்றான் அவன். "இவ பயந்தாங்கொள்ளி. காய்ச்சல் மாத்திரைக்கே கூட வர்ற பேப்பரை முழுசா படிப்பா."

டாக்டர் சிரித்தார். இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டார். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் மயக்க மருந்து ஏறிய இருபதாவது நிமிடம் அவள் தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு கட்டையாக விறைத்தது. காய்ச்சல் நூற்றேழு டிகிரியைத் தாண்டியது. வாளி வாளியாக ஐஸ் உள்ளே போனதை அவன் வெளியே நின்று பார்த்தான். உயிர் போய் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டபோதும் அவள் கை சுட்டது. பரம்பரையில் வரும் கோளாறு, முன்பே தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்போம் என்றார்கள். குடும்பத்தில் யாருக்கும் இப்படி நேர்ந்ததாக உங்கள் மனைவி சொன்னாரா என்று ஒரு பெரிய டாக்டர் கேட்டார்.

"இல்லை," என்றான். "அவ எதுவும் சொல்லல."

அன்றிலிருந்து எல்லோரிடமும் அதையே சொன்னான். அவள் அம்மாவிடமும்.

மயக்க மருந்து டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். வழுக்கைத் தலை, இடுங்கிய கண். வந்ததும் இடப்பக்கம் பார்த்து லேசாகத் தலை தாழ்த்தினார். அவன் தாளைப் பிரித்து அவர் கையில் திணித்தான்.

"டாக்டர், முதல் வரி. தயவுசெஞ்சு முதல் வரியைப் படிங்க."

படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "இன்டர்நெட் வந்ததுலேர்ந்து எங்க வேலை பாதி கொறஞ்சு போச்சு. வாயைத் திறங்க. நல்லா. நாக்கை நீட்டுங்க."

தொண்டைக்குள் டார்ச் வெளிச்சம் இறங்கியது.

"அப்படியே இருங்க. மருந்து அலர்ஜி?"

நாக்கு வெளியே இருந்தது. "ஆ," என்றான். "ஆ... ஆ!"

டாக்டர் டார்ச்சை அசைக்காமல், முகத்தை மட்டும் நாற்காலிப் பக்கம் திருப்பினார். "ம்," என்றார். "ம். சரிங்க. புரியுது." அவர் வாயோரம் மெல்ல வளைந்தது. தாளை நாற்காலிமேல் நீட்டி, "நீங்களே வெச்சுக்கங்கம்மா," என்று விட்டார்.

தாள் கீழே விழவில்லை. இருக்கைக்கு ஒரு சாண் உயரத்தில், மடிமேல் கிடப்பது போலக் கிடந்தது. அதன் ஓரங்கள் மெல்லப் பழுத்தன. சுருண்டன. கருகிய காகிதத்தின் மணம் வந்தது. அவன் இரண்டு கோடுகள் போட்டிருந்த இடம் கடைசியாகக் கறுத்தது.

டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "குடுத்து வெச்சவர் சார் நீங்க. இவ்வளவு அக்கறையா யாரு கூட வர்றாங்க?"

மாலை ஆறு மணிக்கு வார்டில் மைத்துனன் அவன் கட்டிலுக்கு வலப்பக்கம் ஸ்டூலில் இருந்தான். அவளுடைய ஒரே தம்பி. அக்கா போன பிறகும் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பவன். மருத்துவமனைக்கு வா என்று கேட்க அவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

"பென்சிலின் விஷயத்தை நீ போய்ச் சொல்லு," என்று அவனை அனுப்பியிருந்தான். மைத்துனன் வார்டு சிஸ்டரைக் கையோடு கூட்டி வந்தான். சின்னப் பெண். எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காதவள். படிவத்தைப் பார்த்ததும் பதறினாள். "யாரு இப்படி எழுதினது?" இல்லை என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே பென்சிலின் என்று பெரிதாக எழுதி, கையெழுத்துப் போட்டாள். அலர்ஜி உள்ளவர்களுக்கான சிவப்புப் பட்டையை அவன் இடது மணிக்கட்டில் கட்டினாள். வார் சொடுக்கென்று பூட்டிக்கொண்டது.

பகல் முழுக்கப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது அத்தான்," என்றான் மைத்துனன். "நான் கல்லு மாதிரி கதவுக்கு வெளிய உக்காந்திருப்பேன்." ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டான். "ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்த ஃபாரத்துல பாத்தேன். குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கான்னு ஒரு கேள்வி இருக்கே. அக்காகிட்டயும் கேட்டிருப்பாங்கல்ல?"

"கேட்டாங்க."

"மாமா போனதைச் சொன்னாளா?"

வார்டின் மறுகோடியில் யாரோ இருமினார்கள். தள்ளுவண்டி ஒன்று சக்கரம் தடதடக்கக் கடந்து போனது. கட்டிலின் இடப்பக்கம் மெத்தை தாழ்ந்தது. ஒருவர் வந்து உட்காரும் அளவுக்கு, மெதுவாக, அவன் இடுப்பு அந்தப் பக்கம் சரியும் அளவுக்கு. போர்வை வழியே சூடு ஏறியது. அது எதுவும் செய்யவில்லை. காத்திருந்தது.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். மைத்துனனின் கண்கள் அவளுடைய கண்கள்தாம், அதே தேன்நிறம். அவை தன்னை எப்படிப் பார்க்கும் என்று எண்ணிப் பார்த்தான். நாளைக்கு அந்தக் கதவுக்கு வெளியே யாரும் இருக்கமாட்டார்கள் என்றும் எண்ணினான்.

"இல்லடா. சொல்லல."

"கட்டாயம் சொல்றேன்னு அம்மாகிட்ட அடிச்சுச் சொன்னாளே அத்தான். முந்தின நாள்தான்."

"மறந்திருப்பா. உங்க அக்காவுக்கு எதுதான் ஞாபகம் இருந்துச்சு? கண்ணாடியைத் தலைமேல வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவாளே."

மைத்துனன் சிரித்தான். சிரித்தபடியே புறங்கையால் கண்ணைத் துடைத்தான். "லூசு," என்றான். "தன்னைத்தானே கொன்னுக்கிட்டா, லூசு."

மெத்தை மேலெழுந்தது. சூடு கட்டிலைச் சுற்றிக்கொண்டு நகர்ந்து, வாசல் திரையை அசைத்துவிட்டு, வெளியே போயிற்று. போய்விட்டாள். அவனுக்குக் கண் சொருகியது. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே குழல்விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நாக்கு தடித்துக் கிடந்தது.

இடது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். பட்டை வெள்ளை.

அதன் கீழே, தோல் வெந்து, சுற்றிலும் ஒரு வளையம்.

"செவப்பு," என்றான். "செவப்புப் பட்டை."

கட்டிலைத் தள்ளிய புது சிஸ்டர் குனிந்தார். "உங்க வீட்டம்மா அவுத்துக் குடுத்துட்டாங்க சார். தப்பா கட்டிட்டாங்களாம். பயத்துல ரகளை பண்ணுவாரு, தூங்கறப்பவே கிறக்கத்துக்கு ஒரு ஊசி போட்டுடுங்கன்னும் சொன்னாங்க. போட்டாச்சு."

"மச்சினன்... மச்சினனைக் கூப்பிடுங்க."

"அவரை மருந்துக்கடைக்கு அனுப்பிட்டேன். வந்துடுவாரு."

கால்மாட்டில் படிவம் கிடந்தது. சிவப்பு எழுத்துகளின்மேல் ஒரு கோடு. நேராக, பொறுமையாக இழுத்த கோடு. அருகில் வேறொரு கையெழுத்தில்: உடன் வந்தவர் சொன்னபடி.

கதவு திறந்தது. மூடியது.

குளிர். எஃகு. பச்சைத் துணி. பெரிய வட்ட விளக்கு. எங்கோ ஒரு கருவி அவன் இதயத்தை எண்ணியது. வலதுகையைப் பலகையில் நீட்டிக் கட்டினார்கள். இடதுகையையும். இடப்பக்கம் மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சூடு.

"எல்லாரும் ஒரு நிமிஷம்," என்றார் மயக்க மருந்து டாக்டர். கையில் அட்டை. "கடைசித் தடவை சரிபாத்துக்கலாம். பேரு?"

எல்லோரும் இடப்பக்கம் பார்த்தார்கள். தலையாட்டினார்கள்.

"ஆபரேஷன்?"

தலையாட்டினார்கள்.

"அலர்ஜி?"

அவன் வாய் திறந்தான். அதற்குள் முகமூடி இறங்கியது. ரப்பர் மணம். காற்று. "பென்சிலின்!" உள்ளே அவன் மூச்சே பனியாகப் படர்ந்தது. "பென்சிலின்! பென்சிலின்!"

"பேசாதீங்க சார். மூச்சை நல்லா இழுங்க. உங்களுக்குப் பதிலாப் பேசத்தான் ஆள் இருக்காங்களே."

தலையை உதறினான். முகமூடி ஒரு விரற்கடை நழுவியது. அந்த இடைவெளி வழியே அத்தனையையும் கொட்டினான். நாக்கு புரளவில்லை. ஆனாலும் கொட்டினான். "அவ சொன்னா. மாமாவைப் பத்திச் சொன்னா. நான்தான் பேச விடல. நான்தான் இல்லைன்னு சொன்னேன். நான்தான். அவ மேல தப்பே இல்ல."

எல்லோருடைய கைகளும் நின்றன. கருவி மட்டும் எண்ணியது.

டாக்டர் இடப்பக்கம் திரும்பினார். "அப்படியாங்க?" என்று கேட்டார்.

காத்திருந்தார். அவனும் காத்திருந்தான்.

"அப்படி எதுவும் நடக்கலைன்னு சொல்றாங்க சார்," என்றார் டாக்டர் கனிவாக. "நீங்க பயத்துல உளர்றீங்களாம்."

முகமூடி மீண்டும் இறங்கியது. இம்முறை இறுக்கமாக.

ஊசிக்குழல் வந்தது. மேலே அவன் முகத்தைச் சுற்றி ஐந்து தலைகள். ஐந்து பச்சைத் தொப்பிகள். மூக்குவரை மூடிய துணிக்குமேல் பத்துக் கண்கள். ஒன்றுகூட அவன் பக்கம் இல்லை. எல்லாம் இடப்பக்கத்தில், ஒரே இடத்தில், ஆள் உயரத்தில் பதிந்திருந்தன.

மருந்து நரம்பில் ஏறியது.

முழங்கை மடிப்பில் ஒரு தடிப்பு எழுந்தது. அதன் மேலே இன்னொன்று. சிவப்பாக, வரிசையாக, தோளை நோக்கி. தொண்டைக்குள் முதல் அரிப்பு.

அங்கே அவள் என்னவோ சொன்னாள். பத்துக் கண்களின் ஓரங்களும் ஒன்றாகச் சுருங்கின. பச்சைத் துணிகள் உள்ளே ஒடுங்கி உப்பின. யாரோ ஒருவர் சிரிப்புத் தாங்காமல் அவன் நெஞ்சின்மேல் கையூன்றிக்கொண்டார்.